கூலி நெல்லும் ஆய்வுப் பணமும்

உதவித்தொகை என்கிற சொல்லை முதலில் தூக்கிப் போட வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற நம்ம புள்ளைங்களுக்கு மாதாமாதம் வரவேண்டிய பணத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் இது. உதவி என்றால் என்ன? கொடுக்கிறவன் மனசு வைத்தால் கொடுப்பான், இல்லையென்றால் 'அடுத்த மாசம் வாடா' என்பான். வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வலங்கைமான் வட்டாரத்தில் களத்துமேட்டில் நின்று கூலி நெல் வாங்கிய தலைமுறைக்கு இந்த நிற்றல் புதிதல்ல. அறுத்துக் கட்டிப் போரடித்துத் தூற்றிக் கொடுத்த பிறகும் மரக்கால் பண்ணையார் பக்கம்தான் இருந்தது. அளப்பவன் தலையைத் தட்டினால் குறையும், மனசு வந்தால் கூடும். அது பிச்சையல்ல, உழைப்புக்கு ஈடு என்று சொல்லவே இந்த டெல்டாவில் எத்தனை சவுக்கடி, எத்தனை சாணிப்பால்! 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்தியதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லும் செங்கொடியும்தான்.

ஆய்வு உழைப்பு. அதற்குக் கொடுப்பது கூலி. இதை ஒப்புக்கொள்ளாத வரை பல்கலைக்கழகம் ஆய்வாளருக்குத் 'துணை நிற்கிறது' என்கிற பேச்சுக்கெல்லாம் அர்த்தம் இல்லை என்பதே என் கட்சி.

இந்த மண்ணுக்கும் ஆய்வுக்கும் உள்ள உறவு பழசு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918இல் வந்த அந்தப் புத்தகத்தில் நம்ம தஞ்சை ஜில்லா பாலக்குறிச்சியும் இருக்கிறது. பிறகு 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் வந்தார். 'கும்பபேட்டை' என்று ஊருக்குப் பெயரை மாற்றி வைத்து எழுதினார். 1961-62இல் ஆந்த்ரே பெத்தேல் வந்து, 'ஸ்ரீபுரம்' என்று ஓர் ஊருக்குப் பெயர் சூட்டி, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கஃப் நம்ம பக்கம் நின்று எழுதியவர். நான் சொல்வது வேறு. நூறு வருஷமாக நம்ம கூலி, நம்ம குடிசை, நம்ம கடன், நம்ம சாவு எல்லாம் தகவல். நாம் தகவல் கொடுத்தவர்கள். எண்ணுகிற கை வேறு யாருடையதோ.

இப்போதுதான் அந்தக் கை மாறத் தொடங்கியிருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரி, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், 2009இல் திருவாரூர் பக்கம் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் என்று நம்ம தெருப் பிள்ளைகள் ஆய்வுக்குப் போகிறார்கள். போன உடனே சந்திப்பது என்ன?

முதலில் பணம். ராஜீவ்காந்தி தேசிய ஆய்வு ஊக்கத்தொகை 2005-06இல் வந்தது. தலித் பழங்குடி ஆய்வாளர்களுக்கென்றே வந்த முதல் பெரிய திட்டம் அது. அப்போது 'நெட்' கேட்கவில்லை, முதுகலை மதிப்பெண் போதும். பிறகு பெயரும் மாறியது, நெட்டும் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. தலித்துகளுக்கு இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு 2000 இடம். அது கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. நல்ல தொகைதான், இல்லையென்று சொல்லவில்லை. கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் மாதம் 8000. இந்த எட்டாயிரத்தையும் 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யு.ஜி.சி. வாசலிலேயே மாணவர்கள் போய்க் குந்திக்கொண்டார்கள். அதனால்தான் அது பிழைத்தது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அந்த எட்டாயிரமும் கிடையாது. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 50,000 என்று இருந்ததை ஒரு லட்சமாக்கியது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். திருச்சியில் அறை வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் எதைத் தின்று எதைப் படிப்பது?

தொகை ஒரு பக்கம் கிடக்கட்டும். எப்போது வருகிறது என்பதுதான் கொடுமை. நிலம் இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாதம் பணம் வராவிட்டால் அப்பா அனுப்புவார். நம்ம புள்ளைக்கு ஆறு மாதம் வராவிட்டால் வீட்டிலிருந்து 'நீ எப்பப்பா அனுப்புவ?' என்று போன் வரும். ஒரே தாமதம்தான். அவனுக்கு எரிச்சல், இவனுக்குப் படிப்பே போகும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று செத்துப்போன ரோஹித் வெமுலா, தனக்கு ஏழு மாதப் பணம் 1,75,000 ரூபாய் வரவேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்திலேயே எழுதி வைத்தார். விஞ்ஞானம் எழுத ஆசைப்பட்டவன் கடைசியில் பாக்கிக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் கதையும் இதில் சேர்த்திதான். பரோடா மகாராஜா கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டில்தான் 1913இல் கொலம்பியா போனார். 1917இல் பணக்கெடு முடிந்தது, லண்டன் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவிடமும் நண்பரிடமும் வாங்கி, 1920இல் திரும்பப் போய் 1923இல் டி.எஸ்சி. முடித்தார். அவர் அம்பேத்கர், மீண்டும் போனார். ஊரில் திரும்பி வந்து மெடிக்கல் ஷாப்பில் கணக்கெழுதுகிற நம்ம பையன்களின் பாதி ஆய்வேட்டை யார் முடிப்பது?

அடுத்தது கணிப்பொறி. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஏறினால் துவாக்குடியில் என்.ஐ.டி. வரும். அதற்குள்ளே 2022 மே மாதம் முதல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. 4500 கோடி ரூபாயில் 2015இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வைத்தது. 838 டெராஃப்ளாப், அதாவது ஒரு விநாடியில் 838 லட்சம் கோடிக் கணக்குப் போடும். அதற்கு வைத்திருக்கிற பெயர் 'பரம் பொருள்'. பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்தாரோ என்னமோ! பரம்பொருளுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை வாசல் என்பது நமக்குத் தெரியாததா?

இதெல்லாம் நமக்கு எதற்கு, நாம் என்ன ராக்கெட்டா விடப்போகிறோம் என்று நம்ம ஆட்களே கேட்பார்கள். காவிரியில் வெள்ளம் எந்தத் தெருவுக்குள் முதலில் வரும் என்பதைக் கணக்குப் போடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் எந்தக் குடிசைகளைத் தின்றது, ஏன் அதையே தின்றது என்று பார்க்கலாம். கடல் தண்ணி எவ்வளவு தூரம் நிலத்தடியில் ஏறுகிறது என்று பார்க்கலாம். கணிப்பொறிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தத் தமிழில் நம்ம தெருப் பேச்சு இருக்கிறதா என்று கேட்கலாம். சேரியில் பிறந்தவன் கேட்காவிட்டால் இந்தக் கேள்விகளை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த இயந்திரத்தில் கைவைக்க லினக்ஸ் தெரிய வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, வேலையை வரிசையில் போட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும். நான் பார்க்கிற பையன்கள் ஆய்வேட்டையே செல்போனில் அடித்து, வலங்கைமான் கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இத்தனை என்று காசு கொடுத்துச் சரிசெய்கிறார்கள். 2011இல் தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்த இலவச மடிக்கணினி பலருக்கு முதல் கணிப்பொறி. ஆய்வுக்கு வருகிற நேரத்தில் அது பேட்டரி செத்துப் பரணில் கிடக்கும்.

ஆய்வுப் பத்திரிகைகளுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் முடிவெடுத்து, மூன்றாண்டுக்கு 6000 கோடி ஒதுக்கி, 2025 முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம், நான் கைதட்டுகிறேன். திறந்து கிடக்கிறது என்று எத்தனை கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்? தேடுவது எப்படி, ஆங்கிலக் கட்டுரையை உடைத்துப் படிப்பது எப்படி, எண்களை 'ஆர்' மாதிரி இலவச மென்பொருளில் போடுவது எப்படி? முன்பு எம்.ஃபில். என்று ஒன்று இருந்தது. ஒன்றிரண்டு வருஷம் கை பழக்கிக்கொள்ள இடம். 2022 விதிகளோடு அதையும் எடுத்துவிட்டார்கள். அப்பாவும் தாத்தாவும் பேராசிரியர்களாக இருந்த வீட்டில் இந்தப் பயிற்சி சாப்பாட்டு நேரத்திலேயே நடந்துவிடும். முதல் தலைமுறைக்குப் பயிற்சி என்றால் பல்கலைக்கழகம் கொடுப்பதுதான், வேறு வழி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கைடு. அவர் கையெழுத்துப் போட்டு, துறைத்தலைவர் போட்டு, அலுவலகம் மாதாமாதம் உறுதிசெய்து அனுப்பினால்தான் பணம். கணிப்பொறிக் கூடத்தில் கணக்குத் திறக்கவும் அவர் கையெழுத்து. பயிலரங்குக்குப் போகவும் அவர் அனுமதி. நல்ல கைடுகள் இருக்கிறார்கள், அவர்களால் கரையேறியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நல்லவரா கெட்டவரா என்பதில் ஒருத்தன் வாழ்க்கை தொங்குகிறதென்றால் அதற்குப் பெயர் பண்ணை. பண்ணையாரிலும் நல்லவர் இருந்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்படாமல் போய்விட்டதா?

'பணத்தை வாங்கிக்கொண்டு ஆய்வே செய்வதில்லை' என்று ஒரு பேச்சு நாற்காலியில் இருப்பவர்களிடம் உண்டு. தகுதி, திறமை என்று பழைய பாட்டு. கலப்பையும் கொடுக்காமல் விதையும் கொடுக்காமல் விளைச்சல் எங்கேடா என்கிற கேள்வி இது. இதற்கு மேல் இதில் மையைச் செலவழிக்க விருப்பமில்லை.

வேலையைச் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு, முப்பது நாளில் பதில் வரவேண்டும். கேட்க வேண்டியவை: ஆதிதிராவிட, பழங்குடி ஆய்வாளர்களின் மாதாந்திர உறுதிச்சான்று கடந்த இரண்டாண்டில் எந்தெந்தத் தேதியில் அனுப்பப்பட்டது? எத்தனை பேருக்கு எத்தனை மாதம் பாக்கி? கணிப்பொறிப் பயிலரங்குகளுக்கு எவ்வளவு செலவானது, அதில் நம்மவர் எத்தனை பேர்? துவாக்குடி இயந்திரத்தில் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களுக்கு எத்தனை கணக்கு? (இது மத்திய நிறுவனம், அங்கே போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும்.) ஆய்வாளர் தன் பெயரில் அனுப்ப வேண்டாம், கைடு கண்ணில் படும். ஊரில் இருக்கிற தோழர்கள் தங்கள் பெயரில் அனுப்புங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். வருகிற பதில்களை, வராத பதில்களையும், தேதியோடு இந்தப் பக்கத்திலேயே போடுவோம்.