ஆப்கான் ரீமில பொம்பிளையள் எங்க?

ஆப்கானிஸ்தான் கிரிக்கெற் ரீமைப் பற்றி ஆர் எழுதினாலும் அகதி முகாமிலதான் தொடங்குவினம். நானும் அங்கதான் தொடங்கப்போறன். இப்ப நடக்கிற அநியாயம் அந்த முகாமை மறந்ததால நடக்கிற அநியாயம்.

1979 கடைசியில சோவியத் இராணுவம் உள்ள வர, சனம் எல்லை தாண்டி பாகிஸ்தானுக்கு ஓடிச்சுது. பெஷாவருக்குக் கிட்ட கச்சா கடி எண்டு ஒரு முகாம். அங்க வளர்ந்த பெடியள் பாகிஸ்தான்காரர் விளையாடுறதைப் பாத்துப் பழகினவை. நாங்கள் ஊரில தென்னைமட்டையில பட் செதுக்கின மாதிரித்தான், கிடைச்சதை வைச்சு விளையாடியிருப்பினம். அதே முகாமில வளர்ந்த தாஜ் மாலிக் எண்டவர்தான் இவையளைச் சேர்த்து ஒரு ரீமாக்கப் பாடுபட்டவர். 1995 இல சங்கம் ஒண்டு உருவாச்சுது. முதலில தடுத்த தலிபான் 2000 ஆம் ஆண்டளவில கிரிக்கெற்றை மட்டும் விட்டது. 2001 இல ஐசிசி அங்கத்துவம்.

2008 இல ஜேர்சித் தீவில நடந்த ஐந்தாம் பிரிவுப் போட்டி. இறுதியாட்டத்தில ரெண்டு விக்கெற்றால வெண்டவை. அங்க தோத்திருந்தால் இண்டைக்கு ரஷீத் கானை எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ தெரியாது. அதே வருஷம் தான்சானியா, 2009 தை மாதம் ஆர்ஜென்ரீனா, சித்திரையில ஒருநாள் போட்டி அந்தஸ்து. 2015 உலகக்கிண்ணத்தில ஸ்கொட்லாந்தை ஒரு விக்கெற்றால வெண்டு, ஷாபூர் சத்ரான் தலைமயிர் பறக்க ஓடினதைப் பாத்தவை மறந்திருக்க மாட்டினம். 2017 இல அயர்லாந்தோட சேர்த்து முழு அங்கத்துவம். முதல் ரெஸ்ற் 2018 இல பெங்களூரில, இந்தியாவிட்ட ரெண்டே நாளில தோல்வி. முதல் ரெஸ்ற் வெற்றி 2019 இல டேராடூனில. கவனிச்சீங்களோ, ஒண்டும் ஆப்கானிஸ்தானில இல்லை. ஷார்ஜா, நொய்டா, டேராடூன் எண்டு வாடகை வீடு மாதிரி மைதானம் மாறி மாறி விளையாடின ரீம் இது.

2023 ஒக்ரோபர் 23, சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தான்ர 282 ஐ ரெண்டு விக்கெற் மட்டும் குடுத்து அடிச்சு முடிச்சாங்கள். எங்களுக்கு அது பின்னேர நேரம். இரவு வேலைக்கு நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்க, குசினியில கோப்பை கழுவுற ஆப்கான் பெடியன் ஃபோனைத் தட்டுக் கழுவுற மெசினுக்கு மேல சாத்தி வைச்சிருந்தான். 87 ஓட்டம் அடிச்ச இப்ராஹிம் சத்ரான், ஆட்டநாயகன் விருதைப் பாகிஸ்தான் திருப்பி அனுப்புற ஆப்கானியருக்குச் சமர்ப்பணம் எண்டார். பத்திரமில்லாதவை நவம்பர் 1 க்கு முதல் வெளியேறவேணும் எண்டு பாகிஸ்தான் அறிவிச்சிருந்த நேரம் அது. பெடியன் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, ‘அண்ணை, உங்கட ரீம் எது?’ எண்டு கேட்டான். 1996 இல இலங்கை உலகக்கிண்ணம் எடுத்த இரவு நாங்கள் தென்மராட்சியில இடம்பெயர்ந்து இருந்தனாங்கள். முரளி விக்கெற் எடுத்தால் சந்தோசம், ரீம் வெண்டால் என்ன செய்யிறதெண்டு தெரியாது. அதை அவனுக்கு எந்தப் பாஷையில சொல்லுறது...

சரி, தலைப்புக்கு வாறன். 2020 நவம்பரில ஆப்கான் கிரிக்கெற் சபை 25 பெண்களுக்கு ஒப்பந்தம் குடுத்தது. 2021 ஆவணியில தலிபான் வந்தது. பெரும்பாலானவை அவுஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போச்சினம். முழு அங்கத்துவத்துக்குப் பெண்கள் ரீமும் இருக்கவேணும் எண்டது ஐசிசியின்ர விதி. 2024 இல அந்தப் பெண்கள், எங்களை அகதி ரீமாகவாவது ஏற்றுக்கொள்ளுங்கோ எண்டு ஐசிசிக்கு எழுதிச்சினம். 2025 தை 30 இல மெல்பேர்ணில ஒரு காட்சிப் போட்டி விளையாடிச்சினம். சித்திரையில ஐசிசி உதவி நிதி அறிவிச்சுது. காசு குடுக்கிறம், ஆனால் நாட்டின்ர பேர் தரமாட்டம். எங்கட சனத்துக்கு உந்தக் கதை விளங்கும்.

காபூலில இருக்கிற சபை ஒத்துக்கொள்ளாமல் ஒண்டும் செய்யேலாதாம். அப்ப ஆண்கள் ரீம் எந்தக் கொடியோட 2023, 2024 உலகக்கிண்ணங்களில விளையாடினது? கறுப்பு, சிவப்பு, பச்சை. தலிபான் இறக்கின கொடி. பாடினதும் பழைய தேசியகீதம். ஆளுற ஆக்களின்ர கொடி இல்லாமல் ஆம்பிளையள் விளையாடலாம் எண்டால், அதே கொடியோட பொம்பிளையள் ஏன் விளையாடக்கூடாது?

இதுக்காக ஆண்கள் ரீமைப் புறக்கணிக்கவேணும் எண்டு சொல்லுறவையோட எனக்கு உடன்பாடில்லை. அவுஸ்திரேலியா 2021 இல ஹோபார்ட் ரெஸ்ற்றை விட்டது, 2023 இலும் 2024 இலும் தொடர்களை விட்டது. ஆனால் உலகக்கிண்ணத்தில புள்ளி போகுமெண்டால் வந்து விளையாடும். மும்பையில மக்ஸ்வெல் 201 அடிச்சது ஆரோட? கொள்கை எண்டால் நட்டம் வாற இடத்திலயும் நிக்கவேணும். 2024 டிசம்பரில பெண்கள் மருத்துவம் படிக்கிறதைத் தலிபான் தடுத்தபோது ரஷீத் கானும் முகமது நபியும் வெளியில பேசினவை. சொந்தக்காரர் உள்ளுக்க இருக்கேக்க அப்பிடிப் பேசுறது சின்ன விசயமில்லை. அவையளைத் தடை செய்தால் அங்க ஒரு பள்ளிக்கூடக் கதவும் திறக்காது.

ஐசிசி செய்யக்கூடியது வேற. ஆப்கான் சபைக்குப் போற காசில பெண்களுக்கான பங்கை வெட்டி நேரா மெல்பேர்ணுக்கும் கன்பராவுக்கும் அனுப்பலாம். தகுதிகாண் போட்டியில ஒரு இடம் குடுக்கலாம். ஒலிம்பிக் 2016 இலேயே றியோவில அகதிகள் அணியை இறக்கினது. உதைபந்தாட்டத்தில ஃபிஃபாவே 2025 இல ஆப்கான் அகதிப் பெண்கள் அணிக்கு அனுமதி குடுத்து, மொறொக்கோவில விளையாட வைச்சுது. ஃபிஃபாவைவிடப் பின்னுக்கு நிக்கிறதுக்கு ஒரு சபைக்குத் தனித் திறமை வேணும்.

கம்பஸ் படிப்பை இடையில விட்டுட்டு வந்தவன் நான். நிலைமை சீரானாப் பிறகு பாக்கலாம் எண்டு எங்களுக்கும் சொன்னவை. 2020 இல ஒப்பந்தம் வாங்கேக்க இருபது வயசில இருந்த பிள்ளைக்கு இப்ப இருபத்தைஞ்சு தாண்டியிட்டுது. ஒரு சர்வதேசப் போட்டியில ஒரு பந்துகூட அவள் இன்னும் போடேல்லை.