விழுந்துபோகும் எழுத்துகள்

மோகனூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ள மடலுக்கு இம்மாதம் விடையளிக்க விழைகின்றோம். வீட்டின் முன்னறையில் ஒரு மேசைக் கணிப்பொறியை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார்க்கு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பவர் அவர். அதில் வரும் சிறுதொகை பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவுகின்றது. சென்ற தை மாதத்தில் கம்பியில்லா விசைப்பலகையும் மௌஸும் வாங்கினார். அன்றுமுதல் தொல்லை. 'பழனியம்மாள்' என்று அடித்தால் ஒரு 'ம' விழுந்து 'பழனியமாள்' என்று நிற்கின்றது. சில வேளை ஒரே எழுத்து பத்து முறை வரிசையாக வந்து விழுகின்றது. மௌஸின் அம்புக்குறியோ நின்று நின்று நகர்கின்றது. விசைப்பலகை பழுது என்று கடைக்காரர் சொன்னதன்பேரில் வேறொன்று வாங்கியும் அதே கதை. இப்போது கணிப்பொறியையே மாற்றச் சொல்கின்றாராம்.

ஓர் எழுத்துத்தானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் வருமானச் சான்றில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிட்டால், அந்த மூதாட்டி வட்டாட்சியர் அலுவலகப் படிகளை எத்தனை முறை ஏறி இறங்க நேரிடும் என்பதை நாம் அறிவோம். இழப்பு தட்டச்சு செய்தவருக்கு மட்டுமன்று.

கணிப்பொறியை மாற்ற வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. இரு விசைப்பலகைகளும் ஒரே குறையைக் காட்டுகின்றன என்றால், குறை பெரும்பாலும் விசைப்பலகையில் இராது. சகோதரியின் மடலிலேயே விடைக்கான குறிப்பு உள்ளது. கணிப்பொறிப் பெட்டி மேசைக்கடியில், இரும்பு பீரோவை ஒட்டி நிற்கின்றது. விரல் நகமளவே உள்ள ரிசீவர் அதன் பின்புறத்தில், நீலநிறத் துளையொன்றில் செருகப்பட்டுள்ளது. அடுத்த துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் இணைந்திருக்கின்றது.

வானொலிக் காலத்து நினைவு ஒன்று இங்கே உதவும். 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தைக் காவிரிக்கரை ஊர்கள் நெடுங்காலம் மத்திய அலையில் கேட்டுவந்தன. அடுக்களையில் மிக்ஸி ஓடத் தொடங்கியதும் நிகழ்ச்சி கரகரவென்ற ஒலியில் மூழ்கிவிடும். அவ்வேளையில் திருச்சியிலிருந்து வரும் அலை வலுவிழந்து போயிற்றா? இல்லை. அது முன்போலவே வந்துகொண்டிருந்தது; அருகில் எழுந்த இரைச்சல்தான் அதனை விழுங்கிற்று. வானொலிப் பெட்டியை அடுத்த அறைக்கு எடுத்துச் சென்றவர்கள் நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டார்கள்.

விசைப்பலகைக்கு நேர்வதும் இதுவே. இத்தகைய சாதனங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைப்பட்டையில் பேசுகின்றன. இந்தியாவில் இப்பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசு வழிவகுத்தது. வைஃபை, புளூடூத் ஆகியவையும் இதே தெருவில்தான் நடமாடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் இங்கேயே உள்ளது. நெரிசலுக்கு இதுவே போதும். ஆயினும் பெரிய இரைச்சல் பல வேளைகளில் கணிப்பொறியிலிருந்தே எழுகின்றது என்பதுதான் பலரும் அறியாதது.

2008ஆம் ஆண்டில் வெளியான யூ.எஸ்.பி. 3.0 என்னும் இணைப்புமுறை நொடிக்கு 500 கோடி துணுக்குகள் என்ற வேகத்தில் செய்தி கடத்துவது. பல துளைகளில் அதன் அடையாளம் நீலநிறம். அத்துணை வேகமாக ஏறி இறங்கும் மின்துடிப்பு, கம்பியிலும் இணைப்பு முனையிலும் முழுவதுமாக அடங்கி நிற்பதில்லை. ஒரு பகுதி வானலை இரைச்சலாகக் கசிகின்றது. அக்கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும் நிறைக்கின்றது. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை அளந்து காட்டியது. இவ்வகை ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்தபோது அப்பட்டையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்களவு உயர்ந்தது! ஒற்றைப் பென்சில் செல்லில் இயங்கும் மௌஸின் மெல்லிய குரல் அதற்கு முன் என்ன ஆகும்?

அலைவரிசை விட்டு அலைவரிசை தாவித் தப்பும் உத்தி ஒன்று உண்டு. நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. புளூடூத் நொடிக்கு 1600 முறை தாவுகின்றது. ஓர் இடத்தில் மட்டும் நெரிசல் இருப்பின் இவ்வுத்தி நன்கு உதவும். பட்டை முழுவதும் இரைச்சல் பரவியிருக்கும்போது எங்கே தாவுவது?

ஆகவே, வானொலிக்குச் செய்ததையே ரிசீவருக்கும் செய்ய வேண்டும். முதலில் செலவில்லாச் சோதனை: வெளி ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிட்டு ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எழுத்து விழாதாயின் காரணம் தெளிவாகிவிட்டது. அடுத்து, ரிசீவரை முன்புறத்துக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். பின்புறத்தில் அதற்கும் விசைப்பலகைக்கும் இடையே தகரப் பெட்டி முழுவதும் மறைப்பாக நின்றது. இரும்பு பீரோவும் தன் பங்குக்கு அலையைத் தடுத்தும் சிதறடித்தும் வந்திருக்கும். மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அது தடைகளை வளைந்து கடந்துவிடும். இவ்வலையோ சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமே உள்ளது. உலோகத்தின் முன் அடங்கிப்போகும்.

இவற்றைவிட உறுதியான வழி ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள். புதிய விசைப்பலகையின் விலையில் சிறுபங்கே ஆகும். 2.0 வகையே இதற்குப் போதும். கூடுதல் விலைக்கு 3.0 வாங்க வேண்டா. ரிசீவரை அதன் முனையில் செருகி, மேசைமேல் விசைப்பலகைக்கு ஓரடி தொலைவில் வைத்துவிடுங்கள். இரைச்சல் எழும் இடத்தைவிட்டு விலகுவதும், பேசும் குரலை நெருங்குவதும் ஒருசேர நிகழ்கின்றன. பல வீடுகளில் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. செல் வலுவிழந்தாலும் இவ்வாறே எழுத்து விழும். ஆதலால் புதிய ஆல்கலைன் செல்லைப் போட்டுவிட்டே பிற சோதனைகளைத் தொடங்குதல் நன்று. விசைப்பலகை சரியாக இருந்து மௌஸ் மட்டும் தடுமாறினால், அது கண்ணாடி மேசைமீது ஓடுகின்றதா என்று பாருங்கள். கண்ணாடிப் பரப்பைப் பல மௌஸ்களால் 'காண' இயலாது. அடியில் ஓர் அட்டை வைத்தால் போதும். வைஃபை ரூட்டர் அதே மேசையில் இருந்தால் சற்று அப்பால் நகர்த்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பின் கணிப்பொறியை அதில் இணையுங்கள்.

ரிசீவர் இன்றிப் புளூடூத்தில் இணையும் விசைப்பலகை வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு. மேசைக் கணிப்பொறியின் பின்புறத்தில் வைஃபைக்கென்று இரண்டு பித்தளைத் திருகுமுனைகள் இருக்குமாயின், அவற்றில் சிறிய ஆண்டெனாக்களைப் பொருத்த வேண்டும். புளூடூத்துக்கும் பல பெட்டிகளில் அவையே காது. பலர் அவற்றை வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுகின்றனர். பரணில் தேடிப் பாருங்கள்.

சகோதரிக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகின்றது. பழைய கம்பியுள்ள விசைப்பலகை வீட்டில் இருக்கின்றது என்று எழுதியுள்ளார். பெயர், பிறந்த நாள், ஆதார் எண் ஆகியவற்றை நிரப்பும் நேரத்தில் அதையே பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே கணிப்பொறியில் ஒருசேர இணைந்திருப்பதற்குத் தடையேதுமில்லை.