கம்பியில்லாக் கருவிக்கும் கணக்கு உண்டு

கம்பியில்லா இணைப்பு என்றதும், கம்பிக்கே வேலையில்லை போலும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். கைப்பேசி அளவில் அது மெய். ஆனால் ஆர்டுயினோ போன்றதொரு பயிற்சிப் பலகையோடு கம்பியில்லாத் துணைப் பலகையைப் பொருத்த முற்பட்டவர் அறிவர், முதல் வேலையே கம்பி வேலைதான் என்பதை. அந்த வேலையை நாம் தட்டிக் கழிக்கிறோம் என்பதே என் குறை.

“எல்லாம் ஒன்றாய் அமைந்த பலகை மலிவாகக் கிடைக்கிறதே, தனித்தனியே வாங்கி ஏன் மல்லாட வேண்டும்?” என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நாளை காலை செய்முறைத் தேர்வு என்றால் நானும் அதையே வாங்குவேன். ஆயினும் அந்தப் பலகைக்குள் மறைந்து கிடக்கும் கணக்கை ஒரு முறையேனும் கையால் செய்து பார்க்க வேண்டாமா?

2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மாணவர்க்கென்றே பிறந்தது ஆர்டுயினோ. அதன் ஊனோ பலகை 5 வோல்ட்டில் பேசும். 2014 முதல் உலகெங்கும் மாணவர் கைக்கு வந்த, ஷாங்காய் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி. 8266 சில்லோ 3.3 வோல்ட்டில் பேசும். ஊனோவிலும் 3.3 வோல்ட் முனை ஒன்று உண்டே என்று அதில் செருகிவிடுகிறோம். அம்முனை தாங்குவது 50 மில்லி ஆம்பியர். அலை பரப்பும் நொடியில் சில்லு கேட்பதோ ஏறத்தாழ 170! விளைவு யாது? கட்டளைக்கு ‘ஓ.கே.’ என்று பதில் தரும். வலையில் சேர் என்றதும் மயங்கி விழும். உடனே லாமிங்டன் சாலைக் கடைக்காரரிடம் ஓடிச் சண்டை பிடிக்கிறோம். பாவம், அவர் என்ன செய்வார்!

தனியாக ஒரு 3.3 வோல்ட் சீராக்கி, அருகில் ஒரு மின்தேக்கி, இரு பலகைக்கும் பொதுவான தரைக்கம்பி, இவை போதும். ஒன்றன் வாய் மற்றதன் செவிக்குப் போக வேண்டும். வாயையும் வாயையும் இணைத்தால் பேச்சு நடக்காது. ஊனோவின் வாயிலிருந்து வரும் 5 வோல்ட்டை ஓர் ஆயிரம் ஓம், ஓர் இரண்டாயிரம் ஓம் தடைகளால் பகுத்தால் மூன்றில் இரு பங்கு, அதாவது 3.3 வோல்ட், சில்லைச் சேரும். மறுதிசையில் பகுக்கத் தேவையில்லை. 3 வோல்ட்டைத் தாண்டினால் ஊனோ அதை ‘ஒன்று’ என்றே கொள்ளும். இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இதனால் ஆவதென்ன? நம்மிற் பலர் நாளும் கடக்கும் கிங்ஸ் சர்க்கிளையே பாருங்கள். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அந்த மழை இருக்கட்டும். சாதாரணப் பெருமழைக்கே காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. அங்கே நீர்மட்டம் பார்த்துச் சொல்லும் சிறு கருவி ஒன்றை நாம் வைப்பதென்றால் வைஃபை உதவுமா? சில பத்து மீட்டருக்குமேல் அது தேறாது; மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். அங்கு வேண்டியது, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்லும் லோரா வகை.

அங்கும் கணக்கு உண்டு. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் உரிமம் தேவையில்லை. 2021இல் அது 868 வரை நீட்டப்பட்டது. கடையில் 915 என்று எழுதிய பலகையும் கிடைக்கும். அது அமெரிக்காவுக்கென அமைந்தது. அதன் வட்டாரத்தில் ஒரு பகுதி இங்கே கைப்பேசிக்கு உரியது. கடையில் கிடைக்கிறது என்பதால் பயன்படுத்தும் உரிமை வந்துவிடுமா? ஒரு துணைப் பலகையைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டத் தெரிந்தவனுக்கே இந்தக் கேள்வி எழும். ஒன்றாய் அமைந்ததை வாங்கியவன், செய்தவன் தேர்ந்த அலையோடு நின்றுவிடுவான்.

ஆண்டு விழாவின் மேடை அலங்காரத் தொகையில் சிறு பங்கை ஒதுக்கி, மே மாதத்துக்குள், மழைக்கு முன்பாக, இரு மாலைப்பொழுதுகள் மன்ற அறையில் கூடுவோம். தாராவியின் தமிழ்ப் பிள்ளைகளையும் அழைப்போம். பலகைகளும் தடைகளும் வாங்கினால் போதும். மல்ட்டிமீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது.