நசுக்கினால் மட்டும் போதுமா?

பிரிக்பீல்ட்ஸில் நடந்த தன்முனைப்பு முகாம் ஒன்றில், "கஷ்டப்பட்டால்தான் முன்னேற முடியும்! தங்கமும் சுட்டால்தான் மின்னும்!" என்று பேச்சாளர் முழங்கினார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால், உலோகங்களைப் பற்றிப் படிக்கும் எனக்கு அந்தப் பேச்சு நெருடியது.

அலுமினியக் கலவைகளைச் சாதாரணமாக இழுத்தால், நீளம் பாதி கூடுவதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். உள்ளிருக்கும் படிக மணிகளைப் பொடியாக்கிவிட்டால், தக்க சூட்டில் பாகுபோல் பல மடங்கு நீளும். இதனை மீநெகிழ்வு எனலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பேராசிரியர் கே. ஏ. பத்மநாபன், ஜி. ஜே. டேவிஸுடன் இணைந்து 1980-இல் இத்துறைக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

மணிகளை எப்படிப் பொடியாக்குவது? செங்கோணமாய்த் திரும்பும் துளையுள்ள அச்சின் வழியே கட்டியைத் திரும்பத் திரும்ப அழுத்தித் தள்ளுவார்கள். கட்டியின் பருமன் மாறாது. உள்ளே மணிகள் மட்டும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே சிறுத்துவிடும்.

இனிதான் முக்கியச் செய்தி. 3 விழுக்காடு மக்னீசியம் கலந்த அலுமினியத்தை இப்படி நசுக்கி, 400 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் மணிகள் மீண்டும் பெருத்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண்! அதே கலவையில் வெறும் 0.2 விழுக்காடு ஸ்காண்டியம் சேர்த்தால், அதனால் உருவாகும் நுண்துகள்கள் மணிகளின் எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது அதே சூட்டில் 20 மடங்குக்கு மேல் நீளும்.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியை முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது எங்களுக்கும் அப்படியொரு திருப்பம் வந்தது. ஒளிச்சேர்க்கை என்று படித்தது திடீரென ஃபோத்தோசிந்தேசிஸ் ஆனது. எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். வாரத்தில் இரண்டு இரவுகள் மலாய்ச் சொற்களைத் தமிழில் விளக்குவார். என்னைவிட நன்றாகப் படித்த என் நண்பனுக்கு அப்படி யாரும் இல்லை. படிவம் மூன்றோடு நின்றுவிட்டான். அவன் பட்ட கஷ்டம் என்னுடையதைவிடக் குறைவா என்ன?

கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. பிடித்து நிறுத்தும் துகள்தான் குறைவு என்பது என் கருத்து. பல்கலைக்கழக நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! அடுத்த முகாமுக்கு மண்டபம் தேடுமுன், உங்கள் வட்டாரத்தில் படிவம் ஒன்றில் படிக்கும் ஒரு பிள்ளையைத் தேடுங்கள். சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் போதும். ஆயிரத்தில் இரண்டு பங்குதானே ஸ்காண்டியம்!