சிக்கனத்தின் விலை ஏழு உயிர்!

குழாயைத் திறந்தனர்; குடத்தை நிறைத்தனர்; குழந்தைக்கும் கொடுத்தனர்; தாமும் குடித்தனர். குடல் எரிந்தது! குருதி கொட்டிற்று! ஊரே படுக்கையிலே வீழ்ந்தது!

பஞ்சம் பிடித்தாட்டிய பாலை நிலத்திலே அன்று. போரிலே பாழான பட்டினத்திலும் அன்று. செல்வம் கொழிக்கும் கனடா நாட்டிலே, ஒண்டாரியோ மாநிலத்திலே, வாக்கர்டன் எனும் சிற்றூரிலே! நூறாண்டுகட்கு முன்பும் அன்று, தோழர்களே! 2000-ஆம் ஆண்டு மே திங்களிலே!

ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த ஊர் அது. நோயுற்றோர் தொகை 2,300. மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டோர் 65 பேர். அவர்களுள் 27 பேருக்குச் சிறுநீரகத்தையே சிதைக்கும் கொடிய நிலை, பாதிப்பேர் பாலகர்கள். மாண்டவர் ஏழு பேர். வாழ்ந்து முடித்த முதியோரும் அந்த எழுவரிலே உண்டு. வாழத் தொடங்கியிராத மழலையும் உண்டு.

“கனடாவிலே நடந்ததைக் கழகத் தோழனிடம் கூறுவானேன்?” என்று கேட்பார் இருக்கக்கூடும். கூறவேண்டிய காரணம் இருக்கிறது. அங்கே கொன்றது கிருமி மட்டுமன்று, ஒரு கொள்கை! கிருமிக்கு மழை வேண்டும், மண் வேண்டும், கிணறு வேண்டும், குழாய் வேண்டும். கொள்கைக்கோ கடலும் தடையன்று, மலையும் தடையன்று. “ஆட்சி சுருங்கட்டும், செலவு குறையட்டும், தனியார் பார்த்துக்கொள்வர்” எனும் அந்தக் கொள்கை இன்று எந்த நாட்டின் வாயிலிலே நிற்கவில்லை, எந்த அமைச்சரின் நாவிலே நடமாடவில்லை?

எனவே, நடந்ததைக் கேளுங்கள்.

மே திங்கள் 8 முதல் 12 வரை ஐந்து நாட்கள் அங்கே பெருமழை. 134 மில்லிமீட்டர் பெய்தது. ஊருக்கு நீர் வழங்கிய கிணறுகளிலே ஐந்தாம் எண் கிணறு ஆழமற்றது. அருகே ஒரு பண்ணை. அதிலே மாட்டெரு இட்டிருந்தனர். எருவிலே இருந்த ஈ.கோலை எனும் கொடுங்கிருமி, மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குள் குடியேறிற்று. கிணற்றிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து குவளைக்கு, குவளையிலிருந்து குடலுக்கு!

யார் குற்றவாளி? மழையா? அது பெய்வது இயற்கை. பண்ணையாளரா? அவர் முறைப்படியே எருவிட்டார், அவர்மீது பழியில்லை என்று விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தீர்த்துரைத்தார். கிருமியா? குளோரின் எனும் எளிய மருந்தைப் போதிய அளவு கலந்திருந்தால் கூண்டோடு மாண்டிருக்கும் அது!

அந்த மருந்தை ஏன் கலக்கவில்லை?

விதி இருந்தது. பதினைந்து நிமிடம் கலந்து நின்றபின்னும், ஒரு லிட்டர் நீரிலே அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. நாள்தோறும் அதனை அளந்து ஏட்டிலே குறித்திட வேண்டும் என்பதும் விதி. ஏடும் இருந்தது; எண்ணும் இருந்தது. அளப்பது மட்டும் இல்லை! 0.5 என்றும் 0.75 என்றும் அளவாமலே எழுதிவைத்தனர். ஏட்டிலே குளோரின், கிணற்றிலே கிருமி! ஒரு நாளல்ல, இரு நாளல்ல. இருபதாண்டுகட்கு மேலாகத் தவறான முறைகள் அங்கே நடைமுறையாக இருந்துவந்தன.

நீர்வழங்கும் அமைப்பின் மேலாளர் ஸ்டான் கோபெல். அவருடைய தம்பியும் அங்கேயே அலுவலர். இருவரிடமும் சான்றிதழ் இருந்தது. தேர்வு எழுதிப் பெற்றதா? இல்லை! நெடுநாள் பணியிலே இருக்கிறார்கள், போகட்டும் என்று வழங்கப்பட்டது. ஈ.கோலை என்றால் என்ன கேடு விளையும் என்பதை முழுதும் அறியாதவர் கையிலே ஊரின் உயிர்நாடி ஒப்படைக்கப்பட்டிருந்தது.

மே 15-இலே எடுத்த நீர் மாதிரிகளைத் தனியார் ஆய்வகம் ஒன்று சோதித்தது. “கிருமி இருக்கிறது” என்று 17-ஆம் நாள் மேலாளருக்குச் செய்தி வந்தது. அவர் ஊரை எழுப்பினாரா? இல்லை, செய்தியைப் புதைத்தார். 18-ஆம் நாள் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தனர். 19-ஆம் நாள் சுகாதாரத் துறையினர், “தண்ணீர் எப்படி?” என்று கேட்டனர். “நலமே” என்றார்! மறுநாளும் கேட்டனர், மறுபடியும் “நலமே!” பகலிலே பொய் பேசிய அந்த நாட்களிலேயே, ஓசையின்றிக் குழாய்களைக் கழுவிவிட்டு, குளோரினை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். 21-ஆம் நாள், சுகாதார அலுவலர் மர்ரி மக்குவிக், எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல், “காய்ச்சாமல் குடிக்காதீர்!” என்று வானொலி மூலம் எச்சரித்தார். மறுநாள் முதல் பிணம் விழுந்தது.

கோபெல் சகோதரர்கள் குற்றவாளிகளே. அவர்களுக்காக வழக்காட நான் வரவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரிலே அண்ணனுக்கு ஓராண்டுச் சிறை. தம்பிக்கு ஒன்பது திங்கள் வீட்டுக்காவல். நீதி அவர்கள் கதவைத் தட்டிற்று, சரி! ஆனால், நீதி தட்டவேண்டிய கதவு அந்த ஒன்றுதானா? மாடியிலே ஒரு கதவு இருந்ததே, தோழர்களே! மந்திரிசபை கூடிய மண்டபத்தின் கதவு!

1995-ஆம் ஆண்டு மைக் ஹாரிஸ் என்பார் ஒண்டாரியோவின் முதலமைச்சரானார். பழமைவாதக் கட்சியின் தலைவர். அவர் ஏந்திவந்த முழக்கத்துக்குப் பெயர், “பொது அறிவுப் புரட்சி!” வருமான வரியை 30 விழுக்காடு குறைப்பேன் என்றார், அரசாங்கத்தின் உடலைச் சுருக்குவேன் என்றார், சிவப்பு நாடாவை அறுத்தெறிவேன் என்றார். அறுப்பதற்கென்றே ஒரு குழுவையும் அமைத்தார். கேட்டோர் கைதட்டினர். வரி குறைகிறது என்றால் கசக்குமா எவருக்கேனும்?

கத்தரிக்கோல் எங்கே சென்றது? தண்ணீரைக் காக்கும் பொறுப்புடைய சுற்றுச்சூழல் துறையின் கழுத்துக்குச் சென்றது! 1998–99-க்குள் அந்தத் துறையின் நிதியிலே 20 கோடி டாலருக்கு மேல் வெட்டு. 750-க்கும் மேற்பட்ட பணியிடங்கள், அதாவது நூற்றுக்கு முப்பதுக்கு மேல் குறைப்பு. கிணற்றைக் காணச் சென்றவர், ஏட்டைப் புரட்டியவர், “இந்த எண் எப்படி நாள் தவறாமல் ஒரே எண்ணாக இருக்கிறது?” என்று கேட்கக்கூடியவர் ஆகியோரின் நாற்காலிகள் காலியாயின. பொது மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து நேரலாம் என்று எச்சரிக்கை எழாமலில்லை, எழுந்தது. ஆபத்தை எடைபோட்டுப் பார்க்காமலே வெட்டினர் என்பது நீதிபதி கண்ட உண்மை.

இன்னொன்று கேளுங்கள். 1996 வரை ஊராட்சிகளின் குடிநீரை அரசாங்க ஆய்வகங்கள் சோதித்து வந்தன. ஹாரிஸ் துரைத்தனம் அந்தப் பணியை அடியோடு நிறுத்திற்று. தனியாரிடம் போய்ச் சோதித்துக்கொள்க என்றது. “கிருமி கண்டால் சுகாதாரத் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும்” என்று தனியார் ஆய்வகங்களுக்கு ஒரு கட்டாயச் சட்டமாவது செய்ததா? அதுவும் இல்லை! சட்டம் போட்டால் அது சிவப்பு நாடாவாம்! ஆகவேதான், மே 17-இலே கிருமியைக் கண்ட ஆய்வகம், பணம் கொடுத்த வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு வாளாவிருந்தது. சுகாதாரத் துறைக்கும் உடனே சொல்லியிருந்தால், 19-ஆம் நாளுக்குள் எச்சரிக்கை வந்திருக்கும். முந்நூறு முதல் நானூறு பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பர் என்றார் நீதிபதி.

அந்தக் கட்டாய விதி எப்போது வந்தது? 2000 ஆகஸ்டிலே! மக்கள் மாண்ட பின்னர்!

ஐந்தாம் கிணறு ஆபத்தானது என்பதாவது புதுச்செய்தியா? அது பயன்பாட்டுக்கு வந்த 1978-லேயே மேற்பரப்பு நீர் அதிலே கலக்கக்கூடும் என்பது தெரிந்திருந்தது. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளந்து, கேடு கண்டவுடன் ஓலமிடும் கருவி அந்தக் கிணற்றிலே பொருத்தப்பட்டிருந்தால், இந்தக் கொள்ளைநோயே தடுக்கப்பட்டிருக்கும் என்கிறது விசாரணை அறிக்கை. ஒரு கருவி! ஏழு உயிர்! எது விலை கூடியது என்று கணக்குப் போடத் தெரியாதவர்களா புரட்சிக்குப் பொது அறிவு என்று பெயர் சூட்டினர்?

துயரம் வெடித்தபோது ஹாரிஸ் என்ன செய்தார்? முந்தைய ஆட்சியின் மீது விரல் நீட்டினார்! எந்த நாட்டு நாடகமானாலும், ஆட்சியாளர் பேசும் முதல் வசனம் மாறுவதே இல்லை போலும். மக்கள் விடவில்லை. விசாரணை வந்தது. 2001 ஜூன் 29-இலே, பதவியிலிருந்த முதலமைச்சரே சாட்சிக் கூண்டேறினார். 2002-ஆம் ஆண்டு அறிக்கையின் இரு பகுதிகளும் வெளிவந்தன. மொத்தம் 121 பரிந்துரைகள். அதே ஆண்டு பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும் பிறந்தது. அவ்வாண்டே ஹாரிஸ் பதவி விலகினார். 2003-இலே அவர் கட்சியும் ஆட்சியிழந்தது. பிணத்தின் மீது நின்று பிறந்த சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால், பிறப்பதற்குப் பிணம் கேட்கும் ஆட்சி நல்ல ஆட்சியாகுமா?

பாடம் அத்துடன் முடிந்ததோ என்றால், இல்லை! 2014 ஏப்ரலிலே அமெரிக்க நாட்டின் ஃபிளிண்ட் நகரிலே மீண்டும் அதே கதை. மக்கள் தேர்ந்தெடுத்தோரை ஒதுக்கிவிட்டு மாநில ஆளுநர் அமர்த்திய அதிகாரி, செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாற்றினார். குழாயின் உட்புறம் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் நீரிலே கரைந்தது. மக்கள் நிறங்கெட்ட நீரைக் குப்பியிலே ஏந்திக்கொண்டு மன்றாடினர். நலமே, நலமே என்றனர் அதிகாரிகள். அவ்வாண்டு அக்டோபரிலே, தன் இயந்திர உறுப்புகள் துருப்பிடிப்பதாகக் கூறி ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்த நீரை மறுத்தது. உடனே மாற்று நீர் கிடைத்தது. குழந்தைகளுக்கு மாற்று நீர் கிடைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று! இரும்புக்கு இரங்கிற்று ஆட்சி, எலும்புக்கு இரங்கவில்லை! ஃபிளிண்டிலே வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழைகள் என்பதையும் மறவாதீர்.

“அரசாங்க அலுவலரும்தானே பொய்க் கணக்கு எழுதினார்? தனியாரை மட்டும் ஏன் சாடுகிறீர்?” என்று எதிர்முகாமிலே கேட்பர். நல்ல கேள்வி. அலுவலர் தவறுவார், மனிதர்தானே! அதனால்தான் அவருக்கு மேலே ஒரு கண் வேண்டும் என்கிறோம். அந்தக் கண்ணைப் பிடுங்குவதற்குப் பெயர் சிக்கனமா? காவலன் உறங்கினான் என்பதற்காகக் காவலையே எடுத்துவிடுவரா? எழுப்புவர், மாற்றுவர், மேலும் ஒருவரை நிறுத்துவர். தண்ணீர் கடைச்சரக்கன்று. இந்தக் கடையிலே சரியில்லை, அடுத்த கடைக்குப் போவோம் என்று கூறிட, ஏழையின் வீட்டிலே இரண்டாவது குழாய் இல்லை! வசதி படைத்தோர் புட்டித் தண்ணீர் வாங்கிப் பிழைத்துக்கொள்வர். குழாயை நம்பியிருப்போர் நம்மவர்!

தோழர்களே! பொதுக் குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக 1927-இலே மகாடு நகரிலே அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று நீரள்ளிக் குடித்தார். குடிக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த நாடு இது. குடித்தபின் உயிர்வாழும் உரிமை அதன் மறுபாதி. அதனைக் காப்பது நம் கடமை.

எப்படிக் காப்பது? மேடையிலே முழங்கினால் மட்டும் போதாது. இந்தியத் தர நிறுவனத்தின் 10500-ஆம் எண் தரவிதி இருக்கிறது. நூறு மில்லிலிட்டர் குடிநீரிலே ஈ.கோலை ஒன்றுகூட இருத்தலாகாது என்கிறது. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கிறது. உன் பேரூராட்சி அலுவலகத்துக்குச் செல். குளோரின் ஏட்டைக் காட்டச் சொல். ஒரே எண் நாள்தோறும் அணிவகுத்து நின்றால், ஐயம் கொள்! தொட்டியருகே உள்ள குழாயிலே மட்டுமன்று, கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயிலே நீர் பிடிக்கச் சொல். மருந்துத் துளி விட்டதும் மஞ்சள் நிறம் தோன்றுகிறதா என்று கண்ணாலே பார். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய நாள் எது என்று கேள். சாக்கடைக்குள்ளே செல்லும் குழாய் எது என்று தேடு. ஆய்வக முடிவை மன்றத்திலே படிக்கச் சொல். நீரை இயக்கும் தொழிலாளிக்குப் பயிற்சியும் கருவியும் தரப்பட்டனவா என்று அவன் பக்கம் நின்று கேள். பழி சுமத்த மட்டும் அவனைத் தேடாதே!

தலைவர் நாற்காலியிலே அமர்ந்திருப்பவர் மாற்றுக் கட்சியினராயின், கேள். நம் கட்சியினராயின், இருமடங்கு கேள்! நம் கொடியின் நிறம் கண்டு கிருமி ஒதுங்கிச் செல்லாது. நம்மவர் ஆட்சி என்று நாம் வாய்மூடி நிற்கும் நாளிலேதான் “நலமே” எனும் பொய் ஏட்டிலே ஏறத் தொடங்கும்.

செலவாகுமே என்பார்கள். ஆகட்டும்! வளைவுகளிலே, விழாக்களிலே, வரவேற்புகளிலே குறைத்துக்கொள்ளட்டும். மக்களின் தண்ணீரிலே குறைக்காதீர் என்று உரக்கச் சொல்வோம். வாக்கர்டனிலே ஒரு ஆட்சி மிச்சம் பிடித்தது. அந்த மிச்சத்தை ஏழு பாடைகளிலே ஏற்றித் தூக்கிச் சென்றனர் அவ்வூர் மக்கள். அத்தகைய மிச்சம் எந்த ஊரின் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படலாகாது!