ரொட்டியை மட்டும் கேட்காதீர்கள்

"அந்த வெள்ளைக் குட்டி மட்டும் கிடைக்குமா?"

எங்கள் வட்ஸ்அப்புக்கு வருகிற கேள்விகளில் இதுதான் முதலிடம். "இரண்டும் சேர்த்துத்தான்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். படத்திலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன. ஆனாலும் கேட்கிறார்கள். "கறுப்பு வேணாம், ராசி இல்லை." "கடுவன்னா ஒண்ணு எடுக்கலாம், பெட்டை வேணாம்." ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: "மற்றதை யாருக்காவது குடுத்துட்டுச் சொல்லுங்க தம்பி, அப்ப இதை எடுக்கிறேன்."

கண்டிச் சந்தைப் பக்கம் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடந்தவை இவை. வெள்ளைக்கு ரொட்டி என்றும் கறுப்புக்குச் சம்பல் என்றும் பெயர் வைத்தோம். காரணம் சொல்லத் தேவையில்லை. நம்ம ஊரில் ரொட்டியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். இதற்கு முந்திய சோடியை நாங்களே பிரித்தோம். இடம் இல்லை, காசு இல்லை, எப்படியாவது வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒன்று கட்டுகஸ்தோட்டைக்குப் போனது, மற்றது கம்பளைக்கு. "ரெண்டுக்கும் நல்ல வீடு" என்று படம் போட்டு இதயங்களும் வாங்கினோம். நான்காம் நாள் கட்டுகஸ்தோட்டை அக்கா கோல் எடுத்தார். குட்டி அலுமாரிக்குக் கீழேயே கிடக்கிறது, மீனைக்கூட மணந்து பார்க்கவில்லை. கம்பளையில் அது இரவு முழுக்கக் கத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டார் ஏசியதால் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். போனது போனதுதான். கட்டுகஸ்தோட்டைக் குட்டியைத் திரும்ப எடுத்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், ஊசிக்குழாயால் ஊட்டிக் காப்பாற்றினோம். மற்றதை இன்றுவரை தேடுகிறோம் என்று சொன்னால் பொய். தேடுவதை நிறுத்திவிட்டோம்.

பூனை சாப்பிடாமல் கிடந்தால் அதை 'ஏக்கம்' என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே அதன் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆகவே 'ரெண்டு நாள் அழும், பிறகு பழகிடும்' என்கிற ஆறுதல் எல்லா நேரமும் உண்மை இல்லை. சில குட்டிகள் பழகும். எது பழகும், எது பழகாது என்று நீங்கள் சூதாடுவது இன்னொரு உயிரை வைத்து.

இதற்கு வழக்கமாக வருகிற பதில், பூனை தனிமை விரும்பி என்பது. பாதி சரி. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, தனியாகத் திரிந்து தனியாக வேட்டையாடுகிற மிருகம். ஆனால் மனிதரோடு சேர்ந்த பின் பூனை வேறு பாடமும் படித்திருக்கிறது. சாப்பாடு ஓரிடத்தில் தாராளமாகக் கிடைத்தால் அது கூட்டமாக வாழும். தாய், மகள், சகோதரி என்று உறவுப் பெட்டைகள் சேர்ந்து இருக்கும், ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும். சந்தேகம் என்றால் எந்த ஊர் மீன் சந்தையிலும் போய் நின்று பாருங்கள்.

எல்லாப் பூனையையும் சோடியாக எடு என்று நாங்கள் சொல்லவில்லை. முன்பின் தெரியாத இரண்டை ஒரு அறையில் அடைத்தால் சண்டைதான். இன்னொரு பூனையின் வாடையே பிடிக்காத பெரிய பூனைகளும் எங்களிடம் உண்டு. நாங்கள் பேசுவது ஏற்கெனவே ஒட்டிப்போன சோடியைப் பற்றி. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்கும். ஒன்றின் தலையை மற்றது நக்கிவிடும். வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து உரசும். கொஞ்ச நேரம் வேறு அறையில் வைத்தால் கதவடியில் இருந்து கூப்பிடும். இந்த அடையாளம் எல்லாம் இருந்தால் அவை ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதியில், தனியாக வளர்க்கப்படும் பூனைக்குத் தினமும் மனிதரோடு பழக்கம் இருக்க வேண்டும், அல்லது வேறு பூனைகளைக் கண்ணால் பார்க்கவாவது முடிய வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்து மிருகவதைத் தடைச் சட்டம். அதில் எழுதப்பட்ட தண்டம் நூறு ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய காசு. இன்று அதைக் கொண்டு ஒழுங்காக ஒரு பிளேன் டீயும் வடையும் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். சட்ட ஆணைக்குழு 2006இலேயே புதிய விலங்கு நலச் சட்ட வரைவைத் தயாரித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போனது! பேராதனையில் மிருக வைத்திய பீடமும் போதனா வைத்தியசாலையும் இருக்கிற ஊர் இது. அந்த ஊரிலேயே குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையில் விடுகிறோம்.

அடுத்தது காசு. இதைக் கிண்டலடிக்க மாட்டோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது நம்மில் பலர் வீட்டிலேயே ஒரு வேளையைக் குறைத்தோம். வெளிநாட்டுப் பூனைத் தீனி கடையில் கிடைத்தாலும் கை வைக்க முடியவில்லை. இரண்டு பூனை என்றால் தடுப்பூசி இரண்டு, கருத்தடைச் சத்திரசிகிச்சை இரண்டு. அந்தச் செலவு இரட்டிப்பாகும், மறைக்கவில்லை. சாப்பாட்டிலும் ஏமாற்ற முடியாது. மீன் வாடை பட்ட வெறும் சோறு பூனைக்குப் போதாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டோரின் கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மணல் தட்டுக்கு மட்டும் மரக்காலையில் கிடைக்கும் மரத்தூள் போதும்.

ஆகவே இரண்டுக்கு வசதி இல்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், சொல்லுங்கள். தனியாக இருக்க விரும்புகிற ஒரு பெரிய பூனையை எடுங்கள். அழகான குட்டியைத் தேடி வருகிறவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வசதி இல்லாதவரிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. வசதி இருந்தும் நிறம் பார்த்துப் பொறுக்குகிறவரிடம்தான் கோபம். கறுப்பு ராசி இல்லையாம்! மூவர்ணப் பூனை வேண்டும், ஆனால் அது கடுவனாக இருக்க வேண்டுமாம்! மூன்று நிறப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். மரபணுவிலேயே அப்படி. மூவர்ணக் கடுவன் மிக மிக அபூர்வம். பெட்டை வேண்டாம் என்கிற நம்ம பழைய வியாதி பூனை வரைக்கும் இறங்கியிருக்கிறது. குட்டி போடும் என்று பயமா? சத்திரசிகிச்சை செய்யுங்கள். அண்ணன் தங்கை என்பதெல்லாம் பூனைக்குத் தெரியாது. நாலைந்து மாதத்தில் பருவம் வரும், ஒன்பது வாரத்தில் அடுத்த பிஸ்கட் பெட்டி தயார். அதனால்தான் சோடி எடுக்கிறவர் இரண்டுக்கும் செய்தாக வேண்டும் என்கிறோம்.

இரண்டு என்றால் வேலை இரட்டிப்பு என்பதும் முழு உண்மை இல்லை. தனிக் குட்டி விளையாட உங்கள் கைகாலைத்தான் தேடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சோடிக் குட்டிகள் அந்தப் பாடத்தை ஒன்றுக்கொன்று நடத்திக்கொள்ளும். நீங்கள் வேலைக்குப் போய், கண்டி நெரிசலில் மாட்டி, இருட்டின பிறகு வீடு திரும்பும்வரை அவைக்கு அவை துணை.

மீட்பு வேலை செய்கிற மற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை காட்டுவதற்காகச் சோடியைப் பிரிக்காதீர்கள். 'இந்த மாதம் இத்தனை குட்டிக்கு வீடு' என்று போடுகிற பதிவு நல்லாத்தான் இருக்கும். அந்த எண்ணிக்கையில் கம்பளைக் குட்டியும் ஒன்றாக இருந்தது.

ரொட்டியும் சம்பலும் இன்னும் எங்களோடுதான். எத்தனை மாதம் ஆனாலும் சரி, இரண்டும் ஒரே கூடையில்தான் போகும். கேட்க வருகிறவர் இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கூடை பெரிதாகத்தான் வாங்கி வைத்திருக்கிறோம்.