பிறப்பால் வரும் இருக்கை

தேர்தல் காலம் வந்துவிட்டால் சிராங்கூன் சாலை விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்களின் படங்கள் தொங்கும். அவர்கள் கடை கடையாகச் சென்று ஆதரவு கேட்பார்கள். “என் தாத்தா உறுப்பினராக இருந்தார், அதனால் அந்த இருக்கை எனக்குத்தான்” என்று எவரும் உரிமை கோர முடியாது.

பிரிட்டனில் அப்படி உரிமை கோர முடிந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் பிரபுக்கள் சபை என்று பெயர். பல நூற்றாண்டுகளாக, பிரபு ஒருவர் இறந்தால் அவருடைய பட்டத்தோடு சபையில் அமரும் உரிமையும் பெரும்பாலும் மூத்த மகனுக்குச் சென்றது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம், 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்களின் இந்த உரிமையை நீக்கியது.

சிங்கப்பூரில் மேலவை இல்லை. ஆனால், தேர்தலில் நிற்காமலேயே நாடாளுமன்றத்தில் அமர்வோர் இங்கும் உண்டு. அவர்கள்தாம் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்கள். 1990இல் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ் இப்போது 9 பேர் வரை நியமிக்கப்படலாம்.

“மக்கள் தேர்ந்தெடுக்காதவர் பிரபுவாக இருந்தால் என்ன, நியமன உறுப்பினராக இருந்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

முதலாவதாக, நியமன உறுப்பினர் தம் குடும்பப் பெயரால் அன்றி, தம் பணியாலும் அனுபவத்தாலும் அந்த இடத்தைப் பெறுகிறார். தொழிற்சங்கம், வணிகம், சமூக சேவை, கலை, விளையாட்டு எனப் பல துறைகளிலிருந்து பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. நாடாளுமன்றக் குழு அவற்றைப் பரிசீலிக்கிறது, அதிபர் நியமிக்கிறார். இரண்டாவதாக, பதவிக்காலம் இரண்டரை ஆண்டுகளே. மூன்றாவதாக, அரசியலமைப்புச் சட்டத் திருத்தம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் அவர் வாக்களிக்க முடியாது. மக்களின் வாக்கைப் பெறாதவருக்கு இந்த வரம்பு தேவைதான்.

வரம்பு இருந்தாலும் பயன் குறையவில்லை. வயதான பெற்றோர் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவைக் கோர வழிசெய்யும் சட்டம் 1995இல் நிறைவேறியது. அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் நியமன உறுப்பினர் வால்டர் வூன்.

எனினும், ஒன்றை மறந்துவிடக்கூடாது. நியமன உறுப்பினர் எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல் பேசவேண்டும். அந்த இருக்கை கட்சி அரசியலுக்குள் நுழையும் வாசற்படியாக மாறினால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வராத ஒருவர், நமக்காகத் துணிந்து பேசினால்தான் அந்த இருக்கைக்கு உரியவர் ஆவார்.